திரிவிலைஞர் முதல் நடைபாதைக் கடை வரை: சென்னைத் தெருவோர வாணிகமும் நடப்போர் உரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாநகரின் நடைபாதைகளில் கடை பரப்புவோர்க்கும் அவற்றில் நடக்க விரும்புவோர்க்கும் இடையிலான பிணக்கு இன்று நீதிமன்றம், மாநகராட்சி, நாளிதழ் ஆகிய மூன்றிடத்தும் பேசப்படுவது. அது பெரும்பாலும் ஒழுங்குச் சிக்கலாகவே காணப்படுகிறது. அதன் வரலாற்று வேர்களைத் தேட முயல்கிறது இக்கட்டுரை. சங்கப் பாடல்களில் திரிந்து விற்போர் பற்றிய குறிப்புகள், சோழர் காலக் கல்வெட்டுகளில் அங்காடி, காலனியச் சென்னையில் நடைபாதை உருவான முறை, 1900இல் திறக்கப்பட்ட மூர் சந்தை, 1985ஆம் ஆண்டின் நிகழ்வுகள், 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவை இதில் ஆராயப்படுகின்றன. விற்பனையாளரைத் தெருவிலிருந்து எடுத்துக் கட்டடத்துக்குள் வைக்கும் தீர்வு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப முயலப்பட்டு வருகிறது என்பதும், அத்தீர்வு ஏன் நிலைப்பதில்லை என்பதும் கட்டுரையின் மையப் பொருள்.

திறவுச்சொற்கள்: அங்காடி, திரிவிலைஞர், நடைபாதை, மூர் சந்தை, பாண்டி பசார், தெரு விற்பனையாளர் சட்டம்

சொல்லும் பொருளும்

'நடைபாதை' என்பது இன்று சாலையின் விளிம்பில் உயர்த்திக் கட்டப்பட்ட பகுதியைக் குறிக்கும். சென்னைப் பேச்சு வழக்கில் அதற்கு நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர் 'பிளாட்பாரம்'. அங்கே இருக்கும் கடை 'பிளாட்பாரக் கடை'. இருப்புப்பாதை நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் மேடைக்குரிய சொல்லே தெருவோரத்துக்கும் வந்தமைந்தது. இது தற்செயல் அன்று எனத் தோன்றுகிறது. மக்கள் அந்த இடத்தை நடக்கும் வழியாக மட்டும் கருதவில்லை. நிற்கவும் உட்காரவும் உறங்கவும் விற்கவும் வாங்கவும் உரிய ஒரு மேடையாகவே கருதினர். அரசின் ஆவணச் சொல் அதன் பயனை நடத்தல் ஒன்றிலே குறுக்க, மக்களின் சொல் அதைப் பல பயன்களுக்கும் திறந்து வைத்தது. பின்வரும் வரலாறு முழுவதிலும் இந்த இரு சொற்களின் இழுபறியைக் காணலாம்.

நடைபாதை என்னும் கட்டுமானம் தமிழ் நகரங்களுக்கு அண்மைக் காலத்தது. விற்பனையாளரோ மிகப் பழையவர். ஆயினும் 'அவரே முன்னவர், ஆகவே அவருக்கே உரிமை' என்று வாதிடுவது எளிமைப்படுத்தலாகும். நடப்பவர் அவரினும் முந்தியவர் அல்லவா? ஆராயத்தக்கது முன்பின் உரிமை அன்று. இருவருக்கும் பொதுவாக இருந்த தெரு எப்போது, எதனால் இருவரும் மோதும் குறுகிய விளிம்பாயிற்று என்பதே.

மதுரைக்காஞ்சி காட்டும் தெரு

பண்டைத் தமிழ் நகர வாணிகம் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் நாளங்காடி, அல்லங்காடி என்னும் இரண்டையும் சுட்டி அமைவர். பகலில் கூடும் சந்தையும் இரவில் கூடும் சந்தையும் மதுரையில் இருந்தமையை மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி விரிவாகக் கூறுகிறது. ஆனால் நம் பொருளுக்கு அதனினும் இன்றியமையாத பகுதி அதே பாட்டில் உள்ளது. அது போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

தெருவின் அகலத்தை ஆற்றோடு ஒப்பிடும் புலவர், அத்தெருவில் யானையும் தேரும் குதிரையும் வீரரும் விரைந்து செல்வதைக் காட்டுகிறார். பூ விற்போர், நறுமணச் சுண்ணம் விற்போர், வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் விற்போர் எனப் பலர் அதே தெருவில் இருக்கின்றனர். படை வரும்போது அவர்கள் இருபுறமும் பகைவர் சூழ்ந்த போர்க்களத்தில் அகப்பட்டவர்போல் உயிருக்கு அஞ்சிப் பெருமூச்செறிகின்றனர். படை கடந்து சென்றபின், பலவகைத் தின்பண்டங்களை ஏந்தித் திரிந்து விற்போர் மலைபோல் உயர்ந்த மாடங்களின் நிழலில் அமர்கின்றனர். இவர்களைப் பாட்டு 'திரிவிலைஞர்' என்று அழைக்கிறது.

இக்காட்சியில் மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, அங்காடி என்னும் வரையறுக்கப்பட்ட இடம் இருந்தபோதே அதற்கு வெளியே, தெருவில், திரிந்து விற்கும் தனி வகுப்பினர் இருந்தனர். சந்தை கட்டித்தந்தால் தெரு விற்பனை மறைந்துவிடும் என்னும் பிற்கால நம்பிக்கைக்கு இது மிகப் பழைய மறுப்பு. இரண்டாவது, அவர்கள் அமர்வது பெரிய மாளிகையின் நிழல். வெயில் காயும் ஊரில் நிழலே கடையின் முதல் தேவை. வாங்குவோர் நின்று பேசுவதும் அந்நிழலில்தான். இன்றைக்கும் வேம்பின் அடியிலோ வணிக வளாகத்தின் கட்டட நிழலிலோதான் தள்ளுவண்டி நிற்கிறது. மூன்றாவது, அத்தெருவில் விற்பவரும் நடப்பவரும் மோதிக்கொள்ளவில்லை. இருவரையும் ஓரத்துக்குத் தள்ளுவது விரைந்து வரும் ஊர்தி.

பாட்டு அரசனைப் புகழ்வது என்பதை மறக்கலாகாது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் படைவலியை உயர்த்திக் காட்டவே தெருவில் இருந்தோரின் அச்சம் சொல்லப்படுகிறது. அதனை நேரடி ஆவணமாகக் கொள்ள இயலாது. எனினும் புகழ்ச்சியின் பொருட்டுப் புலவர் தேர்ந்துகொண்ட சிறு உண்மைகள் அவர் கண்டறிந்த தெருவிலிருந்தே வந்திருக்க வேண்டும். தின்பண்டம் விற்பவர் படை கடந்தபின் நிழலுக்குத் திரும்புவது புகழ்ச்சிக்குத் தேவையில்லாத செய்தி. அதனாலேயே அதை நம்பத் தோன்றுகிறது.

திரிந்து விற்றலின் வேறு சித்திரங்களும் உண்டு. அகநானூற்றின் 140ஆம் பாடலில் அம்மூவனார், உப்புக்கு ஈடாக நெல் கேட்டுச் சேரியில் கூவிச் செல்லும் உமணர் மகளைக் காட்டுகிறார். அறியாத குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. தெருவில் கூவி விற்றலும், அக்குரல் தன் எல்லைக்குள் புகுந்ததாக வீட்டார் தரப்பில் எழும் எதிர்ப்பும் அங்கு ஒருசேரப் பதிவாகியுள்ளன. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை புகார்க் கடற்கரையின் இரவை விளக்குகளின் வரிசையாகவே காட்டுகிறது. அவ்வரிசையில் பிட்டு விற்பவர், அப்பம் விற்பவர், பண்டங்களை விலைகூறி விற்கும் பெண்டிர் ஆகியோரின் விளக்குகளும் இடம்பெறுகின்றன. மெரினாவின் மாலைக் கடைகளைக் கண்டவர்க்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. அதே காப்பியத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையில் மரங்களே தூண்களாக அமைந்த சோலையில் நாளங்காடி கூடியதைச் சொல்கிறது. கூரையில்லாச் சந்தை அது.

கல்வெட்டுகளில் அங்காடி

சோழர் காலக் கல்வெட்டுகளில் வணிக இடம் வருவாய்க்குரிய இடமாகத் தெளிவாகத் தெரிகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் பெருந்தெருக்கள் பலவற்றோடு திரிபுவனமாதேவிப் பேரங்காடியையும் பெயர் சுட்டுகின்றன. 'அங்காடிப்பாட்டம்' என்னும் வரிச்சொல் கடைக்கு அரசு விதித்த வரியைக் காட்டுகிறது. திரிவிலைஞரிடம் தண்டப்பட்டது எது என்பதை இக்கல்வெட்டுகளிலிருந்து பிரித்தறிவது கடினம். ஆயினும் ஒன்றை வலியுறுத்தலாம். அரசின் பார்வையில் கடைக்காரர் பாதையை மறிப்பவர் அல்லர், வரி தருபவர். கோயில் நகரங்களில் தெருவின் அகலத்தை முடிவுசெய்தது தேர். தேரோடும் வீதியில் திருவிழா நாளில் கடைகள் ஒதுங்கும். திருவிழாவை ஒட்டியே புதிய கடைகள் முளைக்கும். ஒதுங்குதலும் திரும்புதலும் நாட்காட்டிக்கு உட்பட்ட நடைமுறையாக இருந்தன. மதுரையின் புதுமண்டபம் திருமலை நாயக்கர் காலத்து வசந்த மண்டபம். அதுவே பின்னாளில் தையற்காரர்க்கும் பாத்திரக் கடையினர்க்கும் புத்தகக் கடையினர்க்கும் இடமாயிற்று. கட்டட நிழலில் வாணிகம் வேர்விடும் இயல்புக்கு அதனைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

காலனியச் சென்னை: நடைபாதையும் குற்றமும்

1688இல் மாநகராட்சி நிறுவப்பெற்ற சென்னையில், கோட்டைக்கு வடக்கே அமைந்த கறுப்பர் நகரமே வாணிகத்தின் உயிர்நிலை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நிகழ்ந்த பிரெஞ்சுப் படையெடுப்புகளுக்குப் பின் பழைய கறுப்பர் நகரம் அகற்றப்பட்டது. முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் புதிய நகரமாக வளர்ந்தன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தை வழக்கறிஞர் ஸ்டீபன் பாப்பம் சீராக்கியதால் உருவானது பாப்பம்ஸ் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. 1782இல் அவர் அரசுக்கு அளித்த காவல் திட்டத்தில் தெரு ஒழுங்கும் கழிவுநீரும் சந்தையும் ஒரே பொருளின் பகுதிகளாக நின்றன. அகன்ற சாலை என்னும் பொருளில் பெயர் பெற்ற அத்தெருவே பின்னர்ச் சென்னையின் நெரிசல் மிக்க தெருக்களுள் ஒன்றாயிற்று.

சென்னையின் நடைபாதை பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடியாகவே அமைந்திருக்கிறது. நகரச் சுகாதாரம் பேசிய பொறியாளர் வடிகாலைக் கட்டினார். அதன்மேல் பாவிய கல் நடப்பவர்க்கு உரியதாயிற்று. நடப்பவரின் வசதியே முதல் நோக்கம் என்று கொள்வதற்கு இடமில்லை. அதனால்தான் இன்றும் நடைபாதை ஒரே சீராக ஓடாமல், வடிகால் ஏறும் இடத்தில் ஏறி, அது உடைந்த இடத்தில் உடைந்து கிடக்கிறது.

இக்காலத்தில்தான் தெருவில் விற்றல் குற்றத்தின் எல்லைக்குள் வந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 283ஆம் பிரிவு, பொதுவழியில் தடை ஏற்படுத்துவோர்க்கு 200 ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளித்தது. 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம் காவலர்க்குத் தெருவை ஒழுங்குபடுத்தும் விரிந்த அதிகாரம் தந்தது. 1919ஆம் ஆண்டின் சென்னை நகராட்சிச் சட்டம் தெருவில் தடைகளை அகற்றும் அதிகாரத்தை மாநகராட்சிக்கு அளித்தது. மூன்றும் சேர்ந்து ஒரே விற்பனையாளரின்மீது இரண்டு கைகளை வைத்தன. காவலர் ஒரு கை, மாநகராட்சி மற்றொரு கை. பழைய அங்காடிப்பாட்டத்தின் இடத்தில் தண்டத்தொகை வந்தது. வரி செலுத்தியவர்க்கு இடத்தின்மீது ஒருவகை ஏற்பு கிடைத்தது. தண்டம் செலுத்தியவர்க்கோ அந்த ஏற்பு கிடைக்காது. தண்டம் கட்டிய மறுநாளும் அவர் குற்றவாளியே. எழுதப்படாத 'மாமூல்' இவ்விடைவெளியில்தான் வளர்ந்தது எனலாம். சட்டம் ஏற்க மறுத்த இடத்துக்கு, சட்டத்தைக் காப்பவரே வாடகை வாங்கும் முறை அது.

மூர் சந்தை: முதல் பெருந்தீர்வு

பிராட்வேயில் கடை பரப்பியிருந்தோரை அகற்றி ஓரிடத்தில் குடியமர்த்தும் நோக்கத்துடன், மாநகராட்சித் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூர் 1898இல் புதிய சந்தைக்கு அடிக்கல் நாட்டினார். சென்ட்ரல் இருப்புப்பாதை நிலையத்தை ஒட்டி, செங்கல்லால் இந்தோ-சாரசெனிக் பாணியில் எழுந்த அக்கட்டடம் 1900இல் ஆளுநர் ஹாவ்லக் காலத்தில் திறக்கப்பட்டது. மூர் மார்க்கெட் என்று ஊரே அறிந்த இடம் அது.

தீர்வு என்ற அளவில் அது தோற்றது என்று சொல்லிவிட முடியாது. எண்பத்தைந்து ஆண்டுகள் நிலைத்தது. பழைய புத்தகம், இசைத்தட்டு, வளர்ப்புப் பறவை, பொம்மை, பழம்பொருள் என அது தனக்கெனச் சரக்குகளை வளர்த்துக்கொண்டது. தமிழ் நூற்சேகரிப்பாளர் பலர்க்கு அது ஒரு பல்கலைக்கழகம். ஆனால் பிராட்வேயை அது காலியாக்கியதா? இல்லை. பிராட்வேயில் விற்றவர் மூர் சந்தைக்குச் சென்றார். பிராட்வேயில் நடந்தவர் தம் வழியிலேயே நடந்துகொண்டிருந்தார். வாங்குவோர் நடக்கும் வழியில் வெற்றிடம் ஏற்பட்டால் அதை நிரப்பப் புதிதாக ஒருவர் வருவார். தெரு விற்பனையின் உயிர் சரக்கிலோ கூரையிலோ இல்லை. வேறு வேலையாகப் போகிறவர் வழியில் கண்டு வாங்குவதில் இருக்கிறது. சந்தைக்குச் செல்பவர் வாங்குவதற்கென்றே செல்கிறார். அலுவலகம் விட்டுப் பேருந்துக்கு நடப்பவர் வாங்கும் முழம் பூவும் கைக்குட்டையும் சந்தையில் விற்கும் சரக்கல்ல, வழியில் விற்கும் சரக்கு. 1900இன் நிர்வாகிகள் இவ்வேறுபாட்டைக் கண்டதாகத் தெரியவில்லை. பின்வந்தோரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

இதே காலகட்டத்தில் தெருவோரம் தமிழ் அச்சுப் பண்பாட்டுக்குச் செய்த பணியையும் இங்கே சுட்ட வேண்டும். சென்னையின் குஜிலிக் கடைத்தெருவிலிருந்து வெளிவந்து, முச்சந்திகளிலும் இருப்புப்பாதை நிலையங்களிலும் பாடி விற்கப்பட்ட மலிவுப் பாட்டுப் புத்தகங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். கொலைச் சிந்து, இரயில் விபத்து, தேசிய இயக்கம் ஆகிய பொருள்கள் எளிய மக்களிடம் சென்றது கடைக்குள் இருந்த புத்தகத்தால் அன்று. தெருவில் நின்று பாடியவரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. அக்கூட்டம் நடப்போர்க்கு இடையூறாகவே இருந்திருக்கும். அவ்விடையூறு இல்லையேல் அந்த இலக்கியமும் இல்லை.

1985

அவ்வாண்டு மே 30 அன்று மூர் சந்தை தீக்கிரையாயிற்று. அந்த நிலம் இருப்புப்பாதையின் விரிவாக்கத்துக்குச் சென்றது. புறநகர் இரயில் நிலையக் கட்டடத்தின் பெயரில் மட்டும் மூர் சந்தை இன்றும் வாழ்கிறது. கடையினர் அருகிலிருந்த அல்லிக்குளத்து வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். தெருவிலிருந்து சந்தைக்கு மாற்றப்பட்டவரின் வழிவந்தோர் சந்தையிலிருந்து மீண்டும் மாற்றப்பட்டது இது.

ஐந்து வாரங்கள் கழித்து, ஜூலை மாதத்தில், உச்ச நீதிமன்றம் பம்பாய் பற்றிய இரு தீர்ப்புகளை ஒருவார இடைவெளியில் வழங்கியது. பம்பாய் தெரு விற்பனையாளர் சங்க வழக்கு ஒன்று. ஓல்கா டெல்லிஸ் வழக்கு மற்றொன்று. பின்னது நடைபாதை வாழ்வோர் தொடர்பானது. வாழ்வாதாரம் என்பது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் அதில் கூறியது. அதே தீர்ப்பில் நடைபாதை நடப்போர்க்கே உரியது என்றும், அதை ஆக்கிரமிக்க எவருக்கும் உரிமை இல்லை என்றும் கூறியது. ஒரே தீர்ப்பின் இரு பாதிகளை இரு தரப்பாரும் இன்றுவரை மேற்கோள் காட்டி வருகின்றனர்.

முன்னைய வழக்கில் ஏற்கப்பெற்ற திட்டம் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு விற்பனையாளர்க்கு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடம். வழிபாட்டிடம், கல்விக்கூடம், பொது மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள்ளும், சந்தையிலிருந்து 150 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது. இத்தடையைக் கபாலீசுவரர் கோயில் சன்னதித் தெருவுக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் இயலாமை விளங்கும். கோயில் வாயிலிலிருந்து நூறு மீட்டர் தள்ளித் தேங்காய், பூ, வெற்றிலை விற்க வேண்டும் என்பது, கோயிலையும் கடையையும் ஒருசேர அறியாத வரைபடத்தில்தான் பொருந்தும்.

1989இல் சோதன் சிங் வழக்கில் நீதிமன்றம் மேலும் ஓரடி வைத்தது. நடைபாதையில் வணிகம் செய்தல் அரசமைப்பின் 19(1)(ஜி) உறுப்பு தரும் தொழில் உரிமையில் அடங்கும், ஆயினும் அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது, குறிப்பிட்ட ஓரிடத்தைத் தமக்குரியதாக எவரும் கோர இயலாது என்றது. 2010 அக்டோபரில் கைந்தா ராம் வழக்கில், 2011 ஜூன் 30க்குள் சட்டம் இயற்றுமாறு அரசைப் பணித்தது. சட்டம் 2014 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மே முதல் நாளைத் தேர்ந்தது யார் எனத் தெரியவில்லை, பொருத்தமான தேர்வு.

பாண்டி பசாரும் நடப்பவரும்

தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து வீடுகளுக்காக வகுக்கப்பட்ட பகுதி. சர் பிட்டி தியாகராயர் பெயரையும் பனகல் அரசர் பெயரையும் தாங்கி நிற்கும் அதன் சாலைகளும் பூங்காவும் நீதிக்கட்சிக் காலத்தின் பதிவுகள். பாண்டி பசார் என்னும் பெயரும் அக்கட்சியைச் சார்ந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனாரிடமிருந்து வந்தது என்பர். குடியிருப்புச் சாலையாக வகுக்கப்பட்ட ஒன்று துணி, நகை வாணிகத்தின் பெருந்தெருவாக மாறியது. பெருங்கடைகள் ஈர்த்த கூட்டத்தை நம்பிச் சிறுகடைகள் நடைபாதையை நிறைத்தன.

2013இல் அங்கிருந்த நூற்றுக்கணக்கான நடைபாதைக் கடையினர் மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். 1900இன் தீர்வே மாடி வைத்துத் திரும்ப வந்தது. மேல்தளம் கிடைத்தவர் வாங்குவோர் ஏறி வருவதில்லை என்று முறையிட்டனர். ஓராண்டு கழித்து, 2014இல், மாநகராட்சி இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. நடப்போரையும் மிதிவண்டியினரையும் முதன்மைப்படுத்திய ஆவணம் அது. அதன் வழியில் 2019 நவம்பரில் பாண்டி பசார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. சாலையின் வண்டிப்பகுதி சுருங்கி, நடைபாதை அகன்றது.

நடப்பவரின் முறையீடு உண்மையானது. அதைச் சிறிதாக்கிப் பேசுவோர் சக்கர நாற்காலியில் செல்பவரையும், கைக்குழந்தையோடு நடக்கும் தாயையும், ஒரு கை கோலை ஊன்றிய முதியவரையும் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தியச் சாலைக் கழகத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி, தடையற்ற நடைவழிக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. இரு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கத் தேவையான அளவு அது. அவ்வளவு இடம் எஞ்சாத இடத்தில் நடப்பவர் சாலையில் இறங்குகிறார். இறங்கியவரை நோக்கிப் பேருந்து வருகிறது. மதுரைக்காஞ்சியின் தேர் மீண்டும் வருகிறது என்று எழுதினால் மிகை ஆகாது. இம்முறை நிழலுக்கு ஒதுங்க இடமில்லை.

ஆனால் 1.8 மீட்டரைத் தின்றவர் யார் என்னும் கேள்விக்கு விடை தேட அந்நடைபாதையை ஒருமுறை அளந்தால் போதும். மின்மாற்றி, தொலைபேசிப் பெட்டி, கடைவாயிலில் கார் ஏறக் கட்டிய சரிவு, பெருங்கடையின் விளம்பரப் பலகை, நிறுத்திய இருசக்கர வண்டிகள், இவற்றோடு தள்ளுவண்டி. இவற்றுள் சக்கரம் உள்ளதும் காவலர் கண்டால் நகர்வதும் இறுதியிலுள்ள ஒன்றே. அகற்ற எளிதானதே ஆக்கிரமிப்பு என்று பெயர் பெறுகிறது. இதைச் சொல்வதால் விற்பனையாளர் அனைவரும் குற்றமற்றவர் என்று பொருளல்ல. ஒரே ஆள் பல இடங்களைப் பிடித்து உள்வாடகைக்கு விடுவதும், பெருங்கடையின் சரக்கே ஏழையின் பெயரில் வாசலில் பரப்பப்படுவதும் சென்னைவாசிகள் அறிந்தவை. இவற்றைப் பிரித்தறியக் கணக்கெடுப்பு வேண்டும். 2014 சட்டமும் அதையே முதற்படியாக வைத்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அகற்றலாகாது என்கிறது 3ஆம் பிரிவு. ஒரு பகுதியின் மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை விற்பனையாளர்க்கு இடமளிக்க வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்ட விற்பனையாளர்களாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

ஐம்பது ஆண்டுக்குச் சான்று

அச்சட்டத்தில் வரலாற்றாய்வாளர் கவனிக்க வேண்டிய சொற்கள் இரண்டு உள்ளன. ஒன்று 'இயல்புச் சந்தை': விற்போரும் வாங்குவோரும் மரபாகக் கூடிவரும் இடம். ஏற்கெனவே இருக்கும் சந்தையையோ இயல்புச் சந்தையையோ விற்பனையற்ற பகுதி என அறிவிக்கலாகாது என்கிறது சட்டத்தின் அட்டவணை. மற்றொன்று 'மரபுச் சந்தை': ஐம்பது ஆண்டுக்கு மேல் விற்பனை நடந்துவரும் இடம். அங்கிருப்போரை இடம்மாற்றலாகாது.

ஐம்பது ஆண்டை மெய்ப்பிப்பது எப்படி? கடை வைத்திருப்பவரிடம் பத்திரமும் வரி ரசீதும் இருக்கும். நடைபாதையில் விற்றவரிடம் இருப்பவை வேறு: காவல் நிலையத்தில் தண்டம் கட்டிய சீட்டு, பறிமுதல் செய்த தராசையும் கூடையையும் மீட்டபோது தந்த ரசீது, சிறு வழக்கு நீதிமன்றத்தின் அழைப்பாணை. அவர் அங்கு இருந்தார் என்பதற்கு அரசே எழுதித்தந்த சான்றுகள், அவர் அங்கு இருக்கலாகாது என்று எழுதித்தந்த சான்றுகளே. அவற்றையும் மழையில் இழந்தவர் பலர். அங்காடிப்பாட்டம் கல்லில் வெட்டப்பட்டது. தண்டச்சீட்டோ தாளில் எழுதி முடிந்த கையோடு கிழிந்தது.

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் காவல்துறை, உள்ளாட்சித்துறை நடவடிக்கைத் தொகுதிகள் உள்ளன. மாநகராட்சியின் ஆண்டறிக்கைகளில் உரிமக் கட்டணம், தண்டம் ஆகியவை தனித்தனி வரவுகளாகப் பதிவாகியிருக்கும் இடங்களைத் தெருவாரியாகத் தொகுக்க முடியும். சென்னையின் பழைய நிழற்படங்களும் அஞ்சலட்டைகளும் பிராட்வேயையும் சைனா பசார் சாலையையும் கடைகளோடு காட்டுகின்றன. அவற்றை நாள் குறித்து வரிசைப்படுத்தும் பணி தமிழாய்வில் இன்னும் பெரிய அளவில் மேற்கொள்ளப்படவில்லை. மூன்று தலைமுறையாகப் பூ விற்கும் பெண்களின் வாய்மொழியைப் பதிவுசெய்யும்போது, இடத்தை அவர்கள் கதவெண்ணால் சொல்வதில்லை. இன்ன மரத்தடி, இன்ன வங்கியின் தூண், இடித்துவிட்ட இன்ன திரையரங்கின் வாசல் என்றே சொல்வர். அக்குறிப்புகளைப் பழைய நில அளவைப் படங்களோடு ஒப்பிட்டால் ஒரு கடையின் வயதைக் கணிக்க இயலும்.

சைனா பசார் சாலை இன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. அதன் தென்புறம் உயர் நீதிமன்றம். நடைபாதைக் கடைகளை அகற்றும் ஆணைகள் பல அங்கிருந்துதான் பிறந்தன. வழக்கு முடிந்து வெளியே வருவோர் பேனாவும் தாளும் பழச்சாறும் வாங்குவது எதிர்ப்புற நடைபாதையில். அங்கிருந்து சில நிமிட நடையில் பிரகாசம் சாலை. 1898இல் காலி செய்யத் திட்டமிட்ட அத்தெருவில் இன்றும் கடைகள் விரிகின்றன.